முடியம்மாவின் பூட்டில்லாக் கதவு

முடியம்மா என்று பேர் வந்தது அவளுக்கு முடி நிறைய இருந்ததால் அல்ல. சொல்லப்போனால் உச்சியில் கொஞ்சம் வெளிச்சம் அடிக்கும். முடி இல்லாதவர்களுக்கு முடி செய்து கொடுக்கிறவள் என்பதால் கடைத்தெரு சூட்டிய பேர் அது. சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். முடியம்மா என்று கேட்டால் தையல்கடைக்கு மேலே இருக்கிற மாடியறையைக் கை காட்டிவிட்டு, கேட்டவருடைய தலையை ஒரு தரம் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் படியேற மாட்டார்கள்.

முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் வாசலில் தயங்கி நிற்பது வழக்கம். ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் துணி அடைத்த தலைகள், கண்ணும் மூக்கும் இல்லாமல் வரிசையாக. ஒவ்வொன்றிலும் வலைத்தொப்பி ஒன்றைக் குண்டூசியால் குத்தியிருப்பாள். நுனி வளைந்த ஊசியால் இரண்டு இரண்டு முடியாக எடுத்து, வலைக்கண்ணில் நுழைத்து, முடிச்சுப் போட்டு இழுக்க வேண்டும். ஒரு தலை முடிவதற்குள் கழுத்து வலிக்கும், கண் எரியும். தும்மல் வந்தால் எழுந்து வெளியே ஓடிப் போய்த்தான் தும்ம வேண்டும். இத்தனை பாடுபட்டுச் செய்ததை யாராவது டோப்பா என்று சொல்லிவிட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று ஒரு பழமொழி இருக்கிறது. யாரோ தலை நிறைய முடியோடு இருந்தவன் சொன்னது. போன மயிருக்காகச் சுவரோடு முகத்தை வைத்து அழுதவர்களை முடியம்மா பார்த்திருக்கிறாள். வைத்தியத்தில் முடி போனவர்கள், தீயில் முடி போனவர்கள், பிறக்கும்போதே இல்லாதவர்கள். அவர்களெல்லாம் கேட்டது அழகை அல்ல. யாரும் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

படியேற வெட்கப்பட்டவர்களுக்காகத்தான் வெப்சைட் வந்தது. வீட்டில் இருந்தபடியே தலையை முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் படம் பிடித்து அனுப்பலாம். அளவை எழுதலாம். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று அவள் படம் போடுவாள், அதையும் பார்க்கலாம். தூரத்து ஊர்களில் இருந்தெல்லாம் தலைகள் வரத் தொடங்கின. வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் அதில்தான் ஓடின.

ஆனால் அந்தத் தளத்தைக் கட்டியவன் யார், பராமரித்தவர்கள் யார் என்று கேட்டால் அவளால் ஒரு முகத்தைக்கூட அடையாளம் காட்ட முடியாது. எல்லாரும் போனில் வந்து போனில் போனவர்கள். வேலைக்கு இவ்வளவு என்று பேசி, முடித்து, வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள். முகம் தெரியாததால் அவளே பேர் வைத்துக்கொண்டாள். முதலில் கட்டியவன் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பான், ஒரு நாளைக்கு அவனே காணாமல் போனான். அடுத்து வந்தவள் கேள்விக்காரி. அவளுக்கு அடுத்து வந்தவன் தலையாட்டி.

கேள்விக்காரி வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். "இந்தப் படமெல்லாம் யார் யார் பார்க்க முடியும் மேடம்? வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவீங்களா? பழைய ஆள்கிட்ட இன்னும் சாவி இருக்கா? இதோட காப்பி எங்க இருக்கு?" முடியம்மாவுக்கு ஊசி கையில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கேள்விக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறோமா என்றுகூட நினைத்தாள். ஒரு நல்ல காரியம் நடந்தது. தளத்துக்கு இணையத்தில் இடம் வாடகைக்கு எடுத்த கணக்கை 'நாளைக்கு' தன் பேரில் வைத்திருந்தான். அவனை எப்படியோ தேடிப் பிடித்து, அதை முடியம்மா பேருக்கே மாற்றி வாங்கித் தந்தவள் கேள்விக்காரிதான்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அப்போது ஒரு பாஸ்வேர்டு இருந்தது. அதில்தான் வினையே. மருந்து ஏறின உடம்போடு இருக்கிறவர்களுக்கு எது ஞாபகம் நிற்கும்? ஒருநாள் ஒரு பெண் போனில் தேம்பித் தேம்பி அழுதாள். "பாஸ்வேர்டு வரலைம்மா. முடிதான் போச்சுன்னு நினைச்சேன், மூளையும் போயிடுச்சு போல." முடியம்மாவுக்கு நெஞ்சு தாங்கவில்லை. அன்றைக்கே கேள்விக்காரியைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பாஸ்வேர்டு சனியனைத் தூக்கிடும்மா."

"தூக்கக் கூடாது மேடம். வேற சுலபமான வழி பண்ணித் தர்றேன், கொஞ்சம் டைம் குடுங்க."

"என் ஆளுங்க படற கஷ்டம் உனக்குத் தெரியாது. நீ கம்ப்யூட்டர் பக்கம் உட்கார்ந்து பேசறே."

"அவங்களுக்காகத்தான் மேடம் சொல்றேன்."

அந்த வாக்கியம் முடியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தன் ஆட்களைப் பற்றித் தனக்கே பாடமா? அந்த மாதத்தோடு கேள்விக்காரியை நிறுத்திவிட்டாள். தலையாட்டி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் "ஆகட்டும்க்கா" என்றான், அன்றைக்கே செய்தும் முடித்தான். பாஸ்வேர்டு கிடையாது. ஆளுக்கு ஒரு லிங்க், அதன் வாலில் அவரவர் ஆர்டர் எண். தொட்டால் திறக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். அழுத பெண் நீ நல்லா இருக்கணும்மா என்று வாழ்த்தினாள். பிள்ளை என்றால் இவன் பிள்ளை என்று முடியம்மா புருஷனிடம் மெச்சிக்கொண்டாள்.

புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். "எதுக்கெடுத்தாலும் சரிங்கறவன்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இரு. நானும் உன்கிட்ட அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

போன வாரம் தலையாட்டியிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. தளத்துக்கு ஒரே நாளில் என்றுமில்லாத கூட்டம் வந்திருக்கிறதாம். கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக அனுப்பியிருந்தான். முடியம்மா அதைப் புருஷனிடம் காட்டி, இன்னும் ரெண்டு துணித்தலை வாங்கிப் போட வேண்டும் போல என்றாள். அந்த வாரம் முழுக்க முகத்தில் ஒரு களை இருந்தது.

அந்தக் களை போனது பேங்க்காரர் என்ற வாடிக்கையாளரின் போனில். நெற்றிக்கு மேலே மட்டும் ஒட்டு முடி வைத்துக்கொள்கிறவர், எப்போதும் யாரோ ஒட்டுக் கேட்பது போலத்தான் பேசுவார். அன்று காலை அவள் கடை திறந்து, ஜன்னல் கதவைத் தள்ளின நேரம் கூப்பிட்டார். குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"அம்மா, ஒரு எண்ணைத் தப்பா அடிச்சிட்டேன்."

"அதனால என்ன சார், திரும்ப அடிங்க."

"அது இல்லம்மா. தப்பா அடிச்சதுக்கு வேற ஒரு லேடியோட படம் வந்துச்சு. தலை... முடி இல்லாம. உடனே மூடிட்டேன். சத்தியமா மூடிட்டேன். அப்படின்னா என் படமும் வரும்தானேம்மா?"

அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று முடியம்மாவுக்கே தெரியாது. போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன்னுடைய லிங்க் ஒன்றின் வாலில் வாய்க்கு வந்த ஓர் எண்ணைப் போட்டுத் தட்டினாள்.

திரையில் டீச்சர் வந்தார்.

முகத்தைப் பார்த்து அடையாளம் காணத் தேவையே இல்லை. காதுக்குப் பின்னால் அவரைவிதை அளவு ஒரு மச்சம். அந்த மச்சம் மறைகிற மாதிரி வலையைக் கொஞ்சம் தாழ இறக்கிக் கட்டியவள் அவள்தானே. நாலு படத்திலும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தான் பார்க்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னமோ.

டீச்சருடைய வைத்தியம் அவர் புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. முடியை முதல் தடவை தலையில் வைத்துப் பார்த்த அன்று, கண்ணாடி முன்னால் நின்று அவர் சொன்னது முடியம்மாவுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. "எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்தக் கிளாஸ்தான்மா. முன்னாடி நின்னு பாடம் நடத்தணும். ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டாலும் அன்னையோட நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்." அப்போது முடியம்மா, "நான் இருக்கேன் டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். என்ன தைரியத்தில் சொன்னாளோ.

டீச்சருக்குப் போன் பண்ணலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நம்பர் அந்தப் பக்கத்திலேயே, படத்துக்குக் கீழே இருந்தது. என்ன சொல்வது? உங்கள் படத்தைத் தெருவில் மாட்டியிருக்கிறேன் என்றா? முதலில் கதவை மூடுவோம், மூடிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தலையாட்டி தூக்கக் குரலில் எடுத்தான்.

"தம்பி, எண்ணை மாத்திப் போட்டா அடுத்தவங்க படம் வருதுப்பா."

"அப்படியாக்கா?"

"உடனே மூடுப்பா. கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஆகட்டும்க்கா. இதோ."

அவள் அறைக்குள்ளேயே நடந்தாள். ஊசியை எடுத்தாள், வைத்தாள். துணித்தலைகள் முகமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கட்டை விரல் பொம்மை வந்தது. மூடிட்டேன்க்கா. அவள் ஓடிப்போய்த் தளத்தைத் திறந்தாள். 'உங்கள் படங்கள்' என்று முகப்பில் இருந்த பொத்தானைக் காணோம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. வாலில் அதே எண்ணைப் போட்டுத் தட்டிப் பார்த்தாள்.

டீச்சர் வந்தார், கண்ணை மூடிக்கொண்டு.

பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுக் கதவை ஆவென்று திறந்தபடியே விட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். மறுபடி கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை.

"அக்கா, அது உள்ளாற பண்ற வேலைக்கா. எல்லாத்தையும் பிரிச்சு மாத்தணும். நான் வேற ஒருத்தர் வேலையில இருக்கேன், சாயங்காலமா உட்கார்றேன்."

"சாயங்காலமா? தம்பி, ஒரு அம்மாவோட வாழ்க்கைப்பா."

"டென்ஷன் ஆகாதீங்கக்கா. எண்ணை மாத்தி அடிச்சு யாரு பார்க்கப் போறா? போன வாரம் அவ்ளோ பேர் வந்தாங்களே, ஒருத்தராவது கம்ப்ளெயிண்ட் பண்ணாங்களா?"

அவள் கெஞ்சினாள். அதட்டினாள். உன் அக்கா தங்கச்சி படம் என்றால் இப்படி இருப்பாயா என்று கேட்டாள். ஆகட்டும்க்கா, ஆகட்டும்க்கா என்றான். வைத்த பிறகு திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. அவள் வாழ்நாளில் அத்தனை அவமானமாக உணர்ந்ததில்லை. வாடகை கொடுப்பது இவள், பேர் இவளுடையது, நம்பி வந்தவர்கள் இவளை நம்பி வந்தவர்கள். கதவைச் சாத்துவதற்கு மட்டும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத பிள்ளையின் தயவு வேண்டியிருந்தது.

புருஷனைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கட்டிடத்தில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு வந்தார். அவள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார்.

"லிஃப்ட் கோளாறாகி ஆள் மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம்? மெயினை ஆஃப் பண்ணுவோம். மத்ததெல்லாம் அப்புறம். இதுக்கு மெயின் எங்க இருக்கு?"

மெயின். அந்த வார்த்தை அவளைத் தூக்கி நிறுத்தியது. கேள்விக்காரி வாங்கித் தந்த கணக்கு இருக்கிறதே, வருஷா வருஷம் பில் வருமே, அந்த இடம்தான் மெயின். பில் வந்த மெயிலைத் தேடிப் பிடித்து உள்ளே போனார்கள். பக்கம் பூராவும் இங்கிலீஷ். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார்கள். கீழே மூலையில் சிவப்பாக ஒரு பொத்தான், எல்லாவற்றையும் நீக்கு என்று.

"சிவப்பா இருக்கு பாரு. மெயின் எப்பவும் சிவப்பாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

தட்டினாள். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்றாள். திரும்பவும் எதையோ நீளமாகச் சொல்லி, நீக்கு என்ற வார்த்தையை நீயே அடி என்றது. அவள் அடித்தாள், ஒவ்வோர் எழுத்தாக. அப்புறம் லிங்க்கின் வாலில் எண்ணைப் போட்டாள். வெள்ளைப் பக்கம் வந்தது. இன்னோர் எண், வெள்ளை. இன்னொன்று, வெள்ளை. அவள் புருஷனின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பாதியில் நிற்கிற லிஃப்டைப் பார்க்கப் போனார்.

இனி இதை யாரிடம் கொடுத்துச் சரி செய்வது என்று யோசித்தபோது ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கத்தை விழுங்கிவிட்டுக் கேள்விக்காரியைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை, கேள்விதான் கேட்டாள்.

"நிறுத்தி வச்சீங்களா, அழிச்சிட்டீங்களா மேடம்?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டோம்மா."

"பட்டன் என்ன கலர்ல இருந்துச்சு?"

"சிவப்பு."

"பக்கத்துலயே மஞ்சளா ஒண்ணு இருந்திருக்குமே" என்றாள் கேள்விக்காரி, ரொம்ப மெதுவாக. "அதைத் தட்டியிருந்தா சைட் மூடியிருக்கும், உள்ள இருந்ததெல்லாம் பத்திரமா இருந்திருக்கும். சரி, காப்பி எங்க வச்சிருக்கார் இப்ப பார்க்கறவர்?"

முடியம்மாவுக்குத் தெரியாது. அணைந்திருந்த தலையாட்டியின் போனுக்குக் கேள்விக்காரியே செய்தி அனுப்பினாள். ஆச்சரியமாக, அவளுக்கு உடனே பதில் போட்டான். காப்பி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறானாம், தவறாமல், ஒவ்வொரு வாரமும். எங்கே? அங்கேயேதான், அவள் அழித்த அதே இடத்தில். மாற்றுச் சாவியைப் பூட்டின அறைக்குள்ளேயே வைத்த புத்திசாலி.

"போகட்டும்மா. எல்லாம் போகட்டும். படத்தை யாரும் பார்க்கலையே, அது போதும்" என்றாள் முடியம்மா.

"மேடம், போன வாரம் ரொம்பக் கூட்டம் வந்துச்சுன்னு அவர் இப்ப சொன்னார்."

"ஆமாம்மா. கை தட்டி அனுப்பினான்."

"முடி வாங்க ஒரே நாள்ல அவ்வளவு பேர் வர மாட்டாங்க மேடம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது ஒரே ஆள். ஒண்ணுல இருந்து கடைசி எண் வரைக்கும் மெஷினை வச்சு எண்ணிக்கிட்டே போயிருக்கான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம்."

அந்தக் கூட்டத்தைத்தான் முடியம்மா மெச்சியிருந்தாள். ரெண்டு துணித்தலை வாங்க வேண்டும் என்றாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவள் கண் போனதற்கு ஒரு வாரம் சந்தோஷம் வேறு பட்டிருந்தாள்.

"அவங்க நம்பரெல்லாம் தனியா எங்கயாவது வச்சிருக்கீங்களா?" என்றாள் கேள்விக்காரி.

இல்லை. வாடிக்கையாளர் பேரைப் போனில் பதிய மாட்டாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளியோ மகளின் சிநேகிதியோ போனை எடுத்துப் பார்த்துவிட்டால்? அந்தப் பேர்களைப் பத்திரமாக வைப்பதற்கென்றுதானே தளம். போனில் இருந்ததெல்லாம் பேரில்லாத எண்கள், முடி விற்கிற வியாபாரியும் கேஸ்காரனும் வாடிக்கையாளரும் கலந்து கட்டி. மேஜையில் பாதியில் நிற்கிற வேலைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு துணித்தலையின் கழுத்திலும் ஆர்டர் எண் மட்டும் ஒட்டியிருந்தது. அந்த எண் யாருடையது என்று சொல்ல இந்த உலகத்தில் இப்போது ஒருவரும் இல்லை, அந்த மெஷின்காரனைத் தவிர.

டீச்சருடைய பள்ளிக்கூடம் மட்டும் தெரியும். பஸ் பிடித்துப் போனாள்.

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளியே எங்கே பார்த்தாலும் வாடிக்கையாளரைத் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்தாலும் பார்வையை நகர்த்திக்கொண்டு போய்விட வேண்டும். இத்தனை வருஷத்தில் அதை அவள் ஒரு தடவையும் மீறியதில்லை. கேட்டில் காவலாளியிடம் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டு நின்றவள், உள்ளே இருந்து டீச்சரே நடந்து வருவதைப் பார்த்தாள். இன்னும் பள்ளி விடவில்லை. கையில் பையும் குடையும் சாப்பாட்டுப் பாத்திரமும் இருந்தன.

முடியம்மாவின் கண் பழக்கதோஷத்தில் முதலில் வகிட்டுக்குத்தான் போனது. வகிடு நேராக இருந்தது. அவள் செய்த முடி வெயிலில் நிஜ முடியாகவே தெரிந்தது. டீச்சர் அவளைப் பார்த்ததும் நின்றார், ஆனால் திடுக்கிடவில்லை. காவலாளியைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரோரம் நிழல் இருந்த பக்கம் நடந்தார். முடியம்மா பின்னால் போனாள்.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா." டீச்சர் குரல் சாதாரணமாக இருந்தது. "முதல் பீரியடுக்குப் போனேன். போர்டுல வரைஞ்சு வச்சிருந்தாங்க. ஒரு வட்டம், காது, காதுக்குப் பின்னாடி ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இல்லைன்னா எனக்குக்கூடப் புரிஞ்சிருக்காது. யாரோ எங்கயோ போட்ட படம், எந்தப் பிள்ளையோட போனுக்கோ வந்திருக்கு."

"சிரிச்சாங்களா டீச்சர்?"

"இல்ல. அதான் கஷ்டமா இருந்துச்சு. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கலை. எல்லாரும் என் தலையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. டஸ்டரை எடுத்துத் துடைச்சிட்டுப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன்னு ஞாபகம் இல்ல."

முடியம்மா அவர் காலில் விழுந்துவிடலாமா என்று பார்த்தாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அந்த நேரத்திலும் தோன்றியதால் விழவில்லை. வாய் மட்டும் ஓடியது. எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் ஒருவர் போன் பண்ணியது, தலையாட்டி, சிவப்புப் பொத்தான், எல்லாம் அழிந்தது, வியாபாரமே போனது. இனி யாரும் பார்க்க முடியாது டீச்சர், அடியோடு அழித்துவிட்டேன் என்றாள். அதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது, பாவி.

டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுச்சு?" என்றார்.

"காலைலதான் டீச்சர்."

"காலைலன்னா?"

"கடை திறந்ததும்."

"ஸ்கூல் பெல் அடிக்கறதுக்கு முன்னாடியா?"

முடியம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு டீச்சர். மூடிட்டுச் சொல்லலாம்னு..."

"ஒரு போன் பண்ணியிருந்தா இன்னைக்கு லீவு போட்டிருப்பேன்மா" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். "இல்ல, போயிருந்தாலும் போயிருப்பேன். ஆனா என்ன இருக்குன்னு தெரிஞ்சு உள்ள போயிருப்பேன். நேத்துச் சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கான்னு கேட்டுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே உள்ள நுழைஞ்சேன் நான்."

ஆட்டோ ஒன்று வந்தது. டீச்சர் கை காட்டினார். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகு, "மத்தவங்களுக்காவது சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். முடியம்மா இல்லை என்று தலையசைத்தாள். நம்பர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆட்டோ போய்விட்டது.

அவள் சுவரோரமே நின்றாள். உள்ளே ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. போன் அடித்தது. பேரில்லாத எண். எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது, உடனே திரும்ப அடித்தது. எடுத்தாள்.

ஒரு பெண் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் உற்சாகமாக. "அம்மா, நான்தான். லிங்க் திறக்கவே மாட்டேங்குதும்மா. வெள்ளையா வருது. என் முடி எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்க்கலாம்னு ஆசையா இருந்தேன். நெட்டு ஏதும் பிரச்சனையா?"

ஆமாம்மா, நெட்டுதான் என்று சொன்னால் முடிந்தது. நாளைக்குச் சொல்லலாம். வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லலாம். இவள் யார், எந்தத் தலை என்றுகூட அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றாள் முடியம்மா. "நெட்டு இல்ல. நீங்க இப்ப எங்க இருக்கீங்க? பக்கத்துல உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் இருக்கார். ஏம்மா?"

"அவரைப் பக்கத்துல உட்காரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. முடியம்மா நடைபாதையில், சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்து, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள்.